பனிக்கடலுக்குக் கொண்டுபோன கட்டுச்சோறு

பனிக்கரடிக்குப் பெருங்காய வாசனை பிடிக்கும் என்று நான் நம்பினேன். சும்மா ஒப்புக்கு நம்பவில்லை. தூக்கம் கெட நம்பினேன். நல்லெண்ணெயில் பெருங்காயமும் வெந்தயமும் பொரிந்த வாசனை ஒரு பனிக்கரடியின் மூக்கை எட்டிவிட்டால், அது நடக்க வேண்டிய இடத்தில் நடந்து, நீந்த வேண்டிய இடத்தில் நீந்தி, நேராக என் குடும்பத்தைத் தேடி வந்துவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நான் கம்ப்யூட்டர் சயின்ஸில் முதுகலைப் பட்டம் வாங்கியவன். அதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

இந்த ஞானத்தை எனக்கு அருளியவன் என் மச்சினன். மனைவியின் தம்பி. கலிஃபோர்னியாவில் சான் ரமோனில் இருந்தான். நாங்கள் நியூஜெர்சியிலிருந்து அலாஸ்காவின் வடகோடிக்குப் போகப்போகிறோம் என்று தெரிந்ததும் போன் செய்தான்.

"மாமா, கட்டுச்சோறு கொண்டுட்டுப் போறீங்களா?"

"உங்கக்கா கட்டுச்சோறு இல்லாம எங்கடா கெளம்பியிருக்கா?"

"அதான் சொல்றனுங்க. போன வருஷம் நாங்க மலையில கேம்ப் போனமில்லீங்க, கார்ல புளிச்சோத்து டப்பா ஒண்ண மறந்து வெச்சுட்டோம். காலையில பாத்தா, கார் கதவு வாழப்பழத் தோலாட்டம் உரிஞ்சு தொங்குது."

"டப்பா?"

"காலிங்க. கழுவி வெச்சமாதிரி நக்கி வெச்சிருந்துச்சு. ஒரு கடலை மிச்சமில்லீங்க."

"அதெல்லாம் கருப்புக் கரடிடா."

"ஆமாங்க, அது சின்னக் கரடி. நீங்க போற எடத்துல இருக்கறது அதோட பெரியப்பா."

சொல்லிவிட்டு அவன் நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டான். என் தூக்கம் அன்றோடு போனது.

இந்தப் பயணமே ஒரு கேள்வியிலிருந்து வந்தது. மகளுக்கு அப்போது ஏழு வயது, மகனுக்கு நாலு. வெஸ்ட் வின்ட்சரில் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் அவள் இரண்டாம் வகுப்பு. வகுப்பில் துருவப் பிரதேசம் பற்றிப் பாடம் நடந்திருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டில், கடல் மொத்தமும் ஐஸாக உறைவது உண்மையா என்று கேட்டாள். எங்கள் வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்லும். ரசம் மட்டும்தான் இரு தரப்புக்கும் ரசம். உண்மைதான் என்றேன். அடுத்து அவள் கேட்டது:

"கேன் ஐ டச் இட்?"

"அதுக்கென்ன கண்ணு, அப்பா கூட்டிட்டுப் போறேன்."

தகப்பன்கள் வாயில் இந்த வாக்கியம் தானாக வரும். நிலாவுக்கும் இதே தொனியில் ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறேன். நிலா விஷயம் அப்படியே மறந்துபோயிற்று. கடல் மறக்கவில்லை. மறுநாளே அவள் வகுப்பில் எழுந்து நின்று, விடுமுறையில் தான் போய் உறைந்த கடலைக் கையால் தொட்டுவிட்டு வந்து எப்படியிருந்தது என்று எல்லோருக்கும் சொல்வதாக அறிவித்துவிட்டாள். அந்த டீச்சர் வேறு, "நாங்கள் எல்லோரும் காத்திருப்போம்" என்று சொல்லியிருக்கிறார்.

இதற்கு நடுவில் என் மனைவி ஒரு வேலை செய்தாள். நான் அந்தச் சமயத்தில் டெக்சாஸில் ஒரு கம்பெனியின் பழைய ப்ரோகிராம்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். இரண்டாயிரமாம் வருஷம் பிறந்ததும் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் புத்தி பேதலித்துவிடும் என்று உலகம் நடுங்கிய காலம். எங்களைப் போன்றவர்கள் அந்த நடுக்கத்தில் சோறு தின்றவர்கள். என்னென்ன விபரீதம் நடக்கக்கூடும் என்று யோசித்து யோசித்துப் பயப்படுவதற்கே எனக்குச் சம்பளம். வாராவாரம் நூவர்க்கில் விமானம் ஏறி இறங்கியதில் இலவச டிக்கெட்டுக்கு ஆகும் மைல்கள் குவிந்து கிடந்தன.

"டிக்கெட் போட்டுட்டனுங்க," என்றாள் ஒரு நாள், துணி மடித்துக்கொண்டே.

"எங்க, கோயமுத்தூருக்கா?"

"அவ கேட்ட எடத்துக்கு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. துணியை மடித்து முடித்தாள்.

மனைவிக்கு ஒரு கொள்கை உண்டு. போகிற இடத்தில் என்ன கிடைக்குமோ, கிடைக்காதோ, கையில் கட்டுச்சோறு இருந்தால் பிள்ளைகள் வாடாது. புளிக்காய்ச்சலை நல்லெண்ணெய் மிதக்கக் காய்ச்சி, எடிசனில் ஓக் ட்ரீ ரோடு இந்தியக் கடையில் வாங்கிய நிலக்கடலையை வறுத்துப் போட்டு, சோற்றை ஆறவைத்துப் பிசைந்து கட்டிக்கொண்டுதான் கிளம்புவாள். நயாகராவை நாங்கள் புளிச்சோற்றோடுதான் பார்த்தோம். ஃப்ளோரிடாவில் எலி வேஷம் போட்ட ஒருவர் என் மகனோடு படம் எடுத்துக்கொள்ளக் குனிந்தபோது, அவன் கைப்பிடிச் சோற்றை அவருக்கு நீட்டினான். ஆக, பனிக்கடலுக்கும் கட்டுச்சோறு வந்தது. கைப்பையில், எங்கள் காலடியில், விமானம் மாறி மாறி, கடைசியில் ஒரு சின்ன விமானத்தில் மேகத்துக்குள் இறங்கி, பாரோ என்ற அந்தக் கடலோர ஊர் வரைக்கும்.

விமானத்தின் கதவு திறந்ததும் முகத்தில் அடித்த காற்றை நான் இன்னும் மறக்கவில்லை. அது குளிர் என்பதைவிடச் சுத்தம் என்று சொல்லலாம். அதுவரை யாரும் மூச்சு விட்டிராத காற்று மாதிரி இருந்தது. ஜூலை மாதம். நியூஜெர்சியில் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே எங்களுக்கு ஆளுக்கொரு கனத்த கோட்டு இரவல் கொடுத்தார்கள், தலைமூடியைச் சுற்றி ரோமம் வைத்தது. மகனை அதற்குள் இறக்கியதும் அவனுக்குக் கைகள் கீழே இறங்கவில்லை. இரண்டு பக்கமும் விரித்தபடி, போக்குவரத்துக் காவலர் மாதிரி நடந்தான்.

ஊரில் ஒரு மரம் கிடையாது. மரம் இல்லை என்றால் நம் பக்கத்துக் கரட்டுக்காடு மாதிரி அங்கொன்றும் இங்கொன்றும் முள்செடி என்று நினைத்துவிடக் கூடாது. ஒன்றுமே கிடையாது. நிலம் ஒரே தட்டாக, பழுப்பும் பச்சையுமாக அடிவானம் வரை படுத்துக் கிடந்தது. அடியில் எப்போதும் உறைந்திருக்கும் மண் என்பதால் வீடுகள் கட்டைக் கால்களின் மேல் நின்றன. பனியில் ஓட்டும் வண்டிகள் வாசல்களில் கோடை விடுமுறையில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. கடற்கரையில் திமிங்கிலத்தின் தாடை எலும்புகள் இரண்டை வளைவாக நட்டு வைத்திருந்தார்கள். அதன் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தால், கோயில் கோபுரத்துக்குக் கீழே நிற்கும்போது கழுத்தில் ஒரு பிடிப்பு வருமே, அது வந்தது. சூரியன் மறைவதில்லை. பட்டம் மாதிரி வானத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்தது. தூங்கச் சொன்னால், இருட்டே ஆகவில்லையே, பிறகு எதற்குத் தூங்குவது என்று மகன் கேட்பான்.

ஆனால் நான் ஊரை ரசிக்கவா வந்தேன்? ஓட்டல் அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகக் கட்டுச்சோற்றுப் பையைத் தூக்கி மோந்து பார்த்தேன். பெருங்காயம் கும்மென்று இருந்தது. பையை ஒரு ஜிப்பர் கவருக்குள் போட்டு, அதை இன்னொரு கவருக்குள் போட்டு, துண்டில் சுற்றி, குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். திரும்பிப் பார்த்தால் பிள்ளைகள் இரண்டின் தலையும் தேங்காயெண்ணெயில் பளபளத்தது. அம்மாக்காரி விமானம் ஏறும் முன்பு தடவிவிட்டது.

இரண்டு பேரையும் பிடித்துக் குளியலறையில் உட்கார வைத்து, ஓட்டல் ஷாம்புவைக் கவிழ்த்து, தலையில் எண்ணெய் என்ற ஒன்று இருந்த சுவடே தெரியாமல் தேய்த்தேன். துவட்டிக்கொண்டு வெளியே கொண்டுவந்ததும் மனைவி மகனின் தலையை முகர்ந்தாள்.

"என்னங்க இது, ஆப்பிள் வாசம் அடிக்குது."

"ஷாம்பு அப்படி."

"கரடி ஆப்பிள் திங்காதுங்களா?"

நான் மறுபடி பிள்ளைகளைப் பார்த்தேன். அவை ஓடிப்போய்க் கட்டிலுக்கு மறுபுறம் நின்றுகொண்டன.

மதியம் ஒரு வேன் வந்தது. ஓட்டியவர் அந்த ஊர்க்காரப் பெண்மணி, இனுபியாட் இனத்தவர், ஐம்பதை ஒட்டிய வயது, அகலமான முகம், சிரிப்பதற்கு முன்பே கண் சிரித்துவிடும். அம்மா வயதுள்ள எந்தப் பெண்ணும் எங்கள் பிள்ளைகளுக்கு ஆன்ட்டிதான். மகள் வண்டியில் ஏறும்போதே "ஹாய் ஆன்ட்டி" என்றாள். அந்தம்மா திரும்பிப் பார்த்து, நான் எப்போது உனக்கு ஆன்ட்டி ஆனேன் என்று கேட்டார். மனைவி எங்கள் வழக்கத்தைச் சொன்னாள். எங்கள் ஊரிலும் இப்படித்தான், யாரைக் கூப்பிட்டாலும் ஏதோ ஒரு உறவு என்றார். அதன்பிறகு எங்களுக்கும் அவர் ஆன்ட்டி. அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் அந்த நையாண்டிக்கு எங்கள் கொங்குப் பேச்சு பொருந்துகிறது என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

"ஏனுங்க ஆன்ட்டி, இங்க கரடி வருமா?" என்றேன், சாதாரணமாகக் கேட்பதுபோல.

"வரும்."

"எப்ப வரும்?"

"சொல்லிட்டு வர்றதில்லீங்க."

"சாப்பாட்டு வாசனைக்கு வருமா?"

"என்ன சாப்பாடு?"

பெருங்காயம் என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பிசின், காய வைத்துப் பொடி செய்து, எண்ணெயில் போட்டால் வீடு முழுக்க மணக்கும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அதைப் பத்தி நான் இதுவரைக்கும் எந்தக் கரடிகிட்டயும் பேசுனதில்லீங்க," என்றார்.

இருக்கைக்குப் பின்னால் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். கரடி வரும் ஊரில் ஊருக்கு வெளியே போகிறவர்கள் அது இல்லாமல் போவதில்லை, பயப்பட வேண்டாம், ஒரு முன்ஜாக்கிரதைதான் என்றார். அந்தப் பேச்சில் எனக்கு முன்ஜாக்கிரதை காதில் விழவில்லை. துப்பாக்கி மட்டும் விழுந்தது.

ஊரைத் தாண்டிக் கூழாங்கல் கரையோரமாக வேன் போனது. ஒரு வளைவு திரும்பியது.

கடல் இல்லை. கடல் இருக்க வேண்டிய இடத்தில் ஐஸ் இருந்தது. கரையோடு வந்து முட்டி, ஒன்றன் மேல் ஒன்று ஏறி, உடைந்து சாய்ந்து, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வெள்ளை. வெள்ளை என்றும் சொல்ல முடியாது. உடைந்த வாய்களில் நீலம் இருந்தது. சொட்டு நீலம் போட்டு ஊறவைத்த வேட்டிக்கு ஒரு நீலம் வருமே, அதை உள்ளிருந்து விளக்கேற்றிக் காட்டினால் எப்படியிருக்கும், அப்படி. அடியில் எங்கோ நீர் அசையும்போது அந்த மொத்தப் பரப்பும் மெல்ல முனகியது. மகள் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"எறங்குங்க," என்றார் ஆன்ட்டி. "இன்னிக்கு நல்ல நேரம். கரை வரைக்கும் வந்திருக்குது. நான் கூட நிக்கறேன்."

அந்த நேரம் பார்த்து மகன் பசிக்கிறது என்றான். மனைவி அவனுக்குக் கொடுக்கக் கட்டுச்சோற்றைத் திறந்தாள். நான் குளியலறையில் துண்டில் சுற்றி வைத்ததை அவள் சத்தமில்லாமல் எடுத்துவந்திருக்கிறாள். வேன் முழுக்கப் புளியும் நல்லெண்ணெயும் பெருங்காயமும் பரவியது.

"கதவத் தொறக்காதீங்க," என்றேன்.

"எதுக்குங்க?"

"மொதல்ல சாப்பிட்டு முடிக்கட்டும். கை கழுவோணும். பையக் கட்டோணும். அப்பறம் எறங்கலாம்."

"இங்க எங்கீங்க கை கழுவறது?"

"அதான், கழுவாம எப்படி எறங்கறது?"

மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, ப்ளீஸ்." இரு கண்ணு, ஒரு நிமிஷம் என்றேன். இங்கிருந்தே நன்றாகத் தெரிகிறதே என்றேன். அந்தப் பக்கம் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது, ஆன்ட்டி பார்த்துச் சொல்லட்டும் என்றேன். ஆன்ட்டி இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, அசைந்தது ஐஸ் என்றார். மகனின் விரல்களை ஒவ்வொன்றாகக் காகிதத்தால் துடைத்தேன். ஒரு பருக்கை கீழே விழுந்தது, அதைத் தேடினேன். இவ்வளவுக்கும் நடுவில் கடலிலிருந்து மூடுபனி புறப்பட்டு வந்து, ஐஸை மறைத்து, கரையை மறைத்து, வண்டியின் மூக்கையும் மறைத்தது.

ஆன்ட்டி கதவைச் சாத்தினார். "இப்ப எறங்க வேண்டாம். எதுவும் கண்ணுக்குத் தெரியாது. நாளைக்குப் பாக்கலாம்."

ஓட்டலுக்குத் திரும்பும்வரை மகள் என் பக்கம் திரும்பவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன், கையில் ஏதாவது வேடிக்கை வைத்திருப்பேன். அவள் அழவில்லை. கோட்டின் ரோமத்தை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை எழுந்து ஜன்னலுக்குப் போனேன். கடல் இருந்தது. கருநீலமாக, அலையடித்துக்கொண்டு, மெரினாவில் பார்ப்பதுபோல வெறும் கடல். ஐஸைக் காணோம். அடிவானத்தில் ஒரு வெள்ளை நூல் மட்டும் தெரிந்தது. ராத்திரி காற்று நிலத்திலிருந்து வீசியிருக்கிறது. அவ்வளவு பெரிய வெள்ளைத் தேசத்தையும் அப்படியே தள்ளிக்கொண்டு போய்விட்டது.

மகள் எனக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

"இட்ஸ் கான்," என்றாள்.

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு கட்டுச்சோற்றுப் பையைப் பார்த்தாள்.

மாலையில் எங்களுக்கு விமானம். அதற்குள் ஐஸ் வந்தால் உண்டு, இல்லையென்றால் ஒரு குழந்தை வகுப்பில் எழுந்து நின்று, எங்கப்பா ஒரு பருக்கையைத் தேடிக்கொண்டிருந்தார், அதனால் தொடவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். உலகத்துக் கம்ப்யூட்டர்களை எல்லாம் காப்பாற்றக் கிளம்பியவனுக்கு இது ஒரு நல்ல பெயரா?

ஆன்ட்டி வந்தபோது அவரிடம் தனியாகக் கேட்டேன். ஐஸ் திரும்பி வருமா?

"காத்து இப்ப மேக்க, கடல் பக்கமிருந்து திரும்பியிருக்குது. வந்தாலும் வரும்," என்றார். பிறகு, "கரடி மாதிரிதான், அதுவும் சொல்லிட்டு வர்றதில்லீங்க," என்று சேர்த்துக்கொண்டார்.

முந்தின நாள் நின்ற அதே கரைக்குப் போனோம். அன்றும் நாங்கள் மட்டும்தான். ஆன்ட்டி துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வேனுக்குப் பக்கத்தில் நின்று நாலாபக்கமும் பார்த்தார். இனிப் பயந்து என்ன ஆகப்போகிறது என்று நானும் இறங்கினேன்.

இறங்கிய பிறகுதான் தெரிந்தது, முந்தின நாள் வண்டிக்குள் உட்கார்ந்து எதையெல்லாம் விட்டிருக்கிறேன் என்று. தூரத்திலிருந்து பழுப்பாகத் தெரிந்த நிலத்தில் குனிந்து பார்த்தால் பூ. சட்டைப் பித்தான் அளவுக்கு மஞ்சள் பூ, அதைவிடச் சின்னதாக வெள்ளைப் பூ. குளிருக்குப் பயந்து தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு, ஆனாலும் பூத்திருந்தன. எனக்கு அவற்றைப் பார்க்கக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வாத்துக் கூட்டம் ஒன்று நீருக்கு ஒரு முழம் மேலே, கோடு போட்டதுபோல நீளமாகப் பறந்து போனது. முடியும் என்று பார்த்தால் முடியவில்லை, வந்துகொண்டே இருந்தது. அது போன பிறகு வந்த அமைதியில் என் கோட்டுத் துணி உரசுவது எனக்கே இரைச்சலாகக் கேட்டது. மகன் கரையில் உட்கார்ந்து கூழாங்கற்களை ஒவ்வொன்றாகக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். மகள் மட்டும் தண்ணீருக்குப் பக்கத்தில், அடிவானத்து வெள்ளை நூலைப் பார்த்தபடி நின்றாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

மனைவி கூழாங்கல் மேல் ஒரு துண்டை விரித்துக் கட்டுச்சோற்றை அவிழ்த்தாள்.

"இங்கியா?" என்றேன்.

"இங்கதான். ஐஸும் இல்ல, கரடியும் இல்ல. சோறாச்சும் திங்கலாம்."

மெல்லிய பனிமூட்டம் மறுபடி இறங்கத் தொடங்கியிருந்தது. நான் சோற்றை வாயில் வைக்காமல் கடலைக் காவல் காத்தேன். அப்போதுதான் பார்த்தேன். நீரில், மூட்டத்துக்கு நடுவே, வெள்ளையாக ஒன்று. முதுகு மாதிரி வளைந்து, முன்பக்கம் தலை மாதிரி தூக்கி, மெல்ல ஏறி இறங்கி, நேராக எங்களை நோக்கி நீந்தி வந்துகொண்டிருந்தது.

பிறகு நடந்ததை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. கரடி என்று கத்தினேன். தமிழில் கத்தினேனா, ஆங்கிலத்தில் கத்தினேனா என்பதில் வீட்டில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. குனிந்து மகனை வாரிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேனைப் பார்த்து ஓடினேன். கூழாங்கல்லில் ஒரு ஷூ கழன்றது. விட்டுவிட்டேன். ஆன்ட்டியைத் தாண்டி, கதவைத் திறந்து, உள்ளே பாய்ந்து, மகனை இருக்கையில் இறக்கினேன்.

மகன் கரையில் உட்கார்ந்து கல் எறிந்துகொண்டிருந்தான். நான் இருக்கையில் இறக்கியது கட்டுச்சோற்றுப் பை.

மனைவி கையில் ஒரு கவளத்தோடு, துண்டின் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆன்ட்டி வேனில் சாய்ந்து, துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

"ஏனுங்க," என்றாள் மனைவி கரையிலிருந்து, குரலை உயர்த்தாமல். "பிள்ளைய விட்டுட்டு சோத்தத் தூக்கிட்டு ஓடறீங்களே."

வேன் கதவில் நின்றபடி நான் யோசித்தேன். இந்த மாதிரி இக்கட்டில் என் மூளை நன்றாக வேலை செய்யும்.

"அது சோத்துக்குத்தான வருது. அதான் சோத்த உங்ககிட்ட இருந்து தூரமாக் கொண்டுட்டுப் போனேன்."

"ஓ. தியாகமுங்களா?"

ஆன்ட்டிக்கு இது மொழிபெயர்க்கப்பட்டது. அவர் வேனின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மகள் மட்டும் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. நான் கத்தியது, ஓடியது எதையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை என்று பிறகு மனைவி சொன்னாள். வெள்ளை நெருங்கி வர வர அவளும் ஒவ்வோர் அடியாக நீரை நோக்கிப் போயிருக்கிறாள்.

"அப்பா," என்றாள், எனக்காகக் கொஞ்சம் வருத்தப்படுகிற குரலில். "தட்ஸ் நாட் எ பேர். தட்ஸ் மை ஐஸ்."

அவளுடைய ஐஸ்தான். காற்று திரும்பியதில் முன்னால் வந்த முதல் துண்டு. அதற்குப் பின்னால் மூட்டத்துக்குள்ளிருந்து இன்னொன்று, அதற்குப் பின்னால் மேலும் சில, ஊர்வலம்போல, அவசரமில்லாமல். முதலாவது கரைக்கு வந்து, அடி கூழாங்கல்லில் உரசும் ஒரு நீண்ட ஓசையோடு நின்றது. ஒரு பெரிய மாடு படுத்திருக்கும் உயரம். ஆன்ட்டி எழுந்து போய்க் காலால் தள்ளிப் பார்த்து, தரை தட்டிவிட்டது, அசையாது என்று சைகை காட்டினார்.

மகள் கையுறையைக் கழற்றினாள். நான் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் ஈரச் சாக்ஸுமாகப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். உடனே எடுக்கவில்லை. தூங்குகிற ஒன்றின் முதுகில் வைப்பதுபோல வைத்து, அப்படியே இருந்தாள். கைக்கு அடியில் ஐஸ் நீலமாக இருந்தது. உள்ளே காற்றுக் குமிழிகள் வரிசை வரிசையாக அடைபட்டுக் கிடந்தன. பக்கவாட்டில் உருகிய நீர் சொட்டும் சத்தம் கேட்டது. எத்தனை குளிர்காலத்து ஐஸோ, எவ்வளவு தூரம் வந்ததோ. என் மகள் கையை வைத்துக்கொண்டு நிற்பதற்காகவே வந்ததுபோல அங்கே நின்றது.

"எப்படிடா கண்ணு இருக்குது?"

யோசித்தாள். "பழசு," என்றாள், தமிழில்.

மகன் வந்து நாக்கை வைத்தான். உப்பே இல்லை என்றான். பல வருஷத்து ஐஸ் என்றால் உப்பு இறங்கிவிடும், நாங்கள் இதை உருக்கித்தான் டீ போடுவோம் என்றார் ஆன்ட்டி. மனைவி கையைக் கழுவாமலே ஐஸைத் தொட்டாள். நல்லெண்ணெய் விரல்கள் நான்கும் அதில் பதிந்தன.

பிறகு கட்டுச்சோறு வேனிலிருந்து மரியாதையாகத் திரும்பி வந்தது. ஆன்ட்டியும் ஒரு கை வாங்கிக்கொண்டார். முதல் வாயில் முகம் சுருங்கியது, இரண்டாம் வாயில் விரிந்தது, பிறகு கடலையை மட்டும் பொறுக்கித் தின்றார். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஊர்ப்பக்கமிருந்து ஒரு நாய் வந்தது. என் ஷூவை ஒருமுறை மோந்தது. துண்டுக்குப் பக்கத்தில் வந்து கட்டுச்சோற்றை மோந்தது. இரண்டு முறை தும்மியது. பிறகு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. அந்தப் பயணத்தில் பெருங்காய வாசனைக்கு வந்த ஒரே மிருகம் அதுதான்.